மகரபூஷணத்தின் முகம்

1994 மார்ச் 14

தளவாய் அண்ணாச்சி கடைசியில் எனக்கே வேலையைக் கொடுத்துவிட்டார். மகரபூஷணம் எழுதிய புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகப் போடப்போகிறார். நான் மகரபூஷணத்துக்கு முகம் வரைய வேண்டும். அட்டைக்கு ஒன்று. உள்ளே நான்கு, வெவ்வேறு வயதில்.

"போட்டோ ஏதாவது?" என்றேன்.

"இருந்தா உம்மத் தேடி மாடியேறி வருவனா வேய்?"

போட்டோ கிடையாது. பார்த்தவர்களும் இல்லை. 1920களில் இந்தத் திருநெல்வேலியில் இருந்துகொண்டு இந்த ஊர்ப் பெண்களைப் பற்றியே எழுதியவன். கையகலப் புத்தகங்கள். ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் ரகசியமாக விற்கும். தெரு, வீட்டின் அடையாளம், பெண்ணின் பெயர், அவளிடம் தான் போய்வந்த கதை. இரண்டு பெண்கள் கிணற்றில் விழுந்தார்கள். ஒருத்தியின் அண்ணன் அரிவாளோடு தேடினான். 1932இல் ஆள் காணாமல் போனான். இப்போதும் இந்த ஊரில் அவன் பெயர் வசவுதான்.

அவன் உரைநடையை முதலில் படித்தபோது நான் சென்னையில் ஓவியக் கல்லூரியில் இருந்தேன். அழுக்கே இல்லாத தமிழ். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திவிடுகிறான். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் உண்மை.

மார்ச் 17

தண்ணீர் வரவில்லை. கீழ்வீட்டில் இரண்டு வாளி கடன் வாங்கினேன்.

நாலு முகம் போட்டேன். நாலும் நாடகத்து வில்லன்கள். முறுக்கிய மீசை, ஓரப் பார்வை. கிழித்தேன்.

மார்ச் 20

"உனக்கு மனுசன் வராது, சுவர் போடு" என்று கல்லூரியில் ஒருவர் சொன்னார். நானும் சுவர்களாகப் போட்டேன். பரிசுகூடக் கிடைத்தது.

மார்ச் 22

அச்சகத்தில் அண்ணாச்சியைப் பார்த்தேன். திருத்திய பிரதியைக் காட்டினார்.

"பொம்பளையாளு பேரு ஒண்ணு கிடையாது. தெருப் பேரெல்லாம் மாத்தியாச்சு. வக்கீல் வரி வரியாப் பாத்துட்டாரு. நாளைக்கு எவனும் எங்க குடும்பத்த இழுத்துட்டான்னு வந்து நிக்கப்பிடாது பாரும்."

நல்ல காரியம் என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

இரவு மூன்றாம் புத்தகத்தை மறுபடி வாசித்தேன், பெயர் மாற்றாத பழைய பிரதியில். பிச்சம்மாள். சந்நிதித் தெருவுக்குப் பின்னால் வீடு. கணவன் கொழும்பில் கடை வைத்திருக்கிறான். "மாடத்தில் விளக்கு எரிந்தால் கொழும்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, அன்று நான் போவதில்லை. அந்த மனிதன் அடிக்கடி எழுதுகிறவன் அல்லன்."

என்ன மாதிரி எழுதியிருக்கிறான்.

மார்ச் 25

மூக்குக்கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கால் போயிற்று. டவுனில் பழைய கண்ணாடிக் கடை ஒன்று உண்டு. அங்கே போனேன்.

கடைக்காரர் பெயர் காந்திமதிநாதன். அறுபதைத் தாண்டியவர். திருநீறு, வெள்ளைச் சட்டை. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர் மகள் ஆவுடை, முப்பது முப்பத்தைந்து இருக்கும், லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மேல உக்காந்துட்டியளோ" என்றாள் நிமிராமல்.

"எப்படித் தெரியும்?"

"கீழ விழுந்தா கண்ணாடி உடையும். உக்காந்தா காலு உடையும்."

அவர் புது பிரேமை என் முகத்தில் மாட்டினார். ஒரு சின்ன அளவுகோலை மூக்கின் மேல் வைத்து, கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்தார். அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. மூச்சில் வெற்றிலை வாசம். யாரும் என்னை இவ்வளவு பக்கத்தில் வந்து, என்னிடம் எதுவும் வேண்டாமல் பார்த்ததில்லை. நானும் பார்த்தேன். பெரிய, கொஞ்சம் களைத்த கண்கள். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு தழும்பு. கீழுதடு எதையோ சொல்லவந்து வேண்டாம் என்று விட்டுவிட்டதுபோல.

"அசையாதீங்க தம்பி" என்றார்.

மார்ச் 28

கண்ணாடி வாங்கப் போனேன். எதிரே டீக்கடையில் நின்றபோது அவர் கடை திறக்க வந்தார். பெஞ்சில் இருந்த ஒருவன் அவரைக் காட்டி மற்றவனிடம் மெதுவாக, "மூணாம் புத்தகம் வந்துட்டு" என்றான். இருவரும் சிரித்தார்கள்.

டீயில் சர்க்கரை அதிகம்.

மார்ச் 29

விளக்கு வைக்கும் நேரத்தில் ஆரம்பித்தேன். எழுந்து பார்த்தபோது முகம் வந்திருந்தது. கரித்துண்டுதான். கை தானாகப் போயிற்று. அவன் இப்படித்தான் இருந்திருப்பான். வில்லன் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எதையும் தடுக்காதவன்.

யாரைப் பார்த்து வரைந்தேன் என்று யாராவது கேட்டால், யாரையும் பார்த்து வரையவில்லை. முகங்கள் எங்கிருந்தோ வருகின்றன.

ஏப்ரல் 11

ஐந்தும் முடிந்தன. இருபது வயதில், முப்பதில், நாற்பதில், ஐம்பதில். அட்டைக்கு, அவன் வாழ்ந்ததாக யாருக்கும் தெரியாத அறுபது வயது முகம். அதுதான் அண்ணாச்சிக்குப் பிடித்தது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு வேய்."

"நல்ல படம்னா அப்படித்தான் தோணும்."

"அதுஞ் சரிதான்" என்றார்.

இந்த வீட்டில் தனியாக இருப்பதில் ஒரு வசதி. சந்தோஷப்பட்டால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம்.

மே 29

வெளியீட்டு விழா. நல்ல கூட்டம். திட்ட வந்தவர்கள் பாதி.

மேடையில் அண்ணாச்சி பேசும்போது, "பேரு சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்துல கெடச்ச பழைய போட்டோவ வச்சு நம்ம தம்பி அழகியநம்பி வரைஞ்ச படம்" என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

இறங்கியதும் கேட்டேன். "கற்பனைன்னா எவன் வாங்குவான்?" என்று தோளில் தட்டினார்.

முன்வரிசையில் ஒரு கிழவர் அட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் இன்னொருவரிடம்.

ஜூன் 2

மாலைப் பத்திரிகையில் படம் பெரிதாக வந்திருக்கிறது. கீழே, "அரிய புகைப்படத்தின் அடிப்படையில்."

ஜூன் 4

துணி துவைத்தேன். வெளியே போகவில்லை.

ஜூன் 6

டவுனுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. கண்ணாடிக் கடை மூடியிருந்தது. ஷட்டரில் யாரோ பத்திரிகைப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். மகள் சின்னக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நெற்றி வரை போய்விட்டது. கண்கள் மட்டும் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன.

சாலையின் இந்தப் பக்கமே நடந்து வந்துவிட்டேன்.

பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டோம். தெருக்களை மாற்றிவிட்டோம். வக்கீல் வரி வரியாகப் பார்த்தார்.

ஜூன் 9

கண்ணாடிக் கடைக்காரரே வந்தார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கோபம் இல்லை. அதற்குத்தான் நான் தயாராக இருந்தேன்.

"ஊருல என்ன பேசுவாங்கன்னு எனக்குச் சின்னப் பிள்ளையிலயே தெரியும் தம்பி. ஸ்கூல்ல பெஞ்சுல எழுதி வச்சிருப்பானுவ. எங்க அம்மாகிட்ட ஒருதடவ கேட்டேன். உங்கப்பா நடுவுல தேரோட்டத்துக்கு ஒரு மாசம் வந்துட்டுப் போனாவன்னு சொன்னா. அதோட நான் கேக்கல. அப்பா கொழும்புலயே காலராவுல போயிட்டாவ. சொக்கலிங்கம் பிள்ளைன்னு பேரு. ஒரு படங்கூட வீட்டுல கெடயாது."

"சரி."

"வருசாவருசம் ஆடி அமாவாசைக்கு ஆத்துல அவிய பேரச் சொல்லித்தான் தண்ணி விடுதேன்."

புத்தகத்தைத் திருப்பி அட்டையைக் காட்டினார்.

"அந்தப் போட்டோவ நான் ஒருக்கா பாக்கலாமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். போட்டோ என்று ஒன்று இல்லை, உங்களைத்தான் வரைந்தேன் என்று. எவ்வளவு சின்ன வாக்கியம். அவர் படியிறங்கிப் போய்க் கடையைத் திறந்திருப்பார். ஆனால் இந்த மனிதரின் முகத்தை, ஊர் அவரை என்ன சொல்கிறது என்று தெரிந்தே எடுத்தேன் என்பதும் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. என் கைக்கு மனுசன் வரவில்லை, உங்களைத் திருடினேன் என்பதும்.

"திருப்பிக் குடுத்தாச்சுங்க" என்றேன்.

"நீங்க பாத்தியளா?"

"பாத்தேன்."

"இப்படியேதான் இருந்தாரா?"

"கொஞ்சம் மங்கலா இருந்தது."

தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து அந்த அளவுகோலை எடுத்து அட்டைப் படத்தின் மூக்கின் மேல் வைத்தார். பிறகு என் சுவர்க் கண்ணாடி முன்னால் போய்த் தன் மூக்கின் மேல்.

"கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவுல உள்ளது, முகத்தோட அகலம், ரெண்டையும் வச்சுக் கணக்குப் பாக்கணும். வயசானாலும் இது மாறாது தம்பி. இதுல எங்களுக்குத் தப்பாது."

போகும்போது வாசலில் நின்று, "நல்லா வரைஞ்சிருக்கிய" என்றார்.

ஜூன் 10

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 18

ஆவுடை வந்தாள். உட்காரவில்லை. புத்தக அட்டையில் புருவத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தத் தழும்பு எங்கப்பா பஜாஜ் ஸ்கூட்டர்ல இருந்து வண்ணார்பேட்டைல விழுந்ததுல பட்டது. நான்தான் பின்னால இருந்தேன். தையல் போடும்போது கையப் பிடிச்சிட்டு நின்னேன். ஒங்க மகரபூஷணம் எந்த ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தான்?"

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். கேக்க மாட்டுக்காரு. போட்டோவப் பாத்தேன்னு ஒங்க வாயால சொன்னியளாம்."

"சொன்னேன்."

"ஏன்?"

அவள் மேஜையைப் பார்த்தாள். கரித்துண்டுகள், துணி, எழுதாத தாள்.

"படிச்சவியதான நீங்க" என்றாள். திட்டவில்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்பதுபோல இருந்தது. "சட்டையப் போடுங்க. வந்து சொல்லுங்க."

போனேன்.

வீட்டுக் கூடத்தில் புத்தக அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். மாலை இல்லை, பொட்டு இல்லை. அது என்னவென்று இன்னும் தீர்மானிக்காததுபோல வெறும் படம்.

சொன்னேன். ஆரம்பத்திலிருந்து. கண்ணாடி உடைந்தது, மூக்கில் அளவுகோல் வைத்தது, டீக்கடையில் கேட்டது, மறுநாள் சாயங்காலம் வரைந்தது. போட்டோ என்று ஒன்று கிடையவே கிடையாது, அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல பிள்ள. நீ கூட்டியாந்து சொல்லச் சொல்லியிருக்கே."

"அப்பா, அவரு நெசமாத்தான் சொல்லுதாரு."

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்லுதாரு. வயசுக்கு மீறின மனசு."

இங்கேயே வரைந்து காட்டுகிறேன் என்றேன். ஆவுடை தாள் கொண்டுவந்தாள். அவர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகளை முழங்காலில் வைத்து. வரைந்தேன். அதே முகம்தான் வந்தது. தழும்பு, உதடு, கண். காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் போட்டோவப் பாத்த கைதான் தம்பி. இனி அது யார வரைஞ்சாலும் அதத்தான் போடும்."

ஆவுடை அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் வைக்கும் சத்தம்.

நான் எழுந்தபோது என் கையைப் பிடித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கம்மா நடத்தையப் பத்தி ஊரு சொன்னது நெசமாப் போச்சேன்னு ஆவுடை அழுதா. எனக்கும் கஷ்டந்தான். ஆனா இத்தன வருசம் அப்பான்னு கண்ண மூடினா ஒண்ணுந் தெரியாது. வெறும் பேரு. இப்ப தெரியுது. கேடுகெட்டவன்தான். இருந்துட்டுப் போறான். மூஞ்சி இருக்கில்லா."

ஜூலை 1

அண்ணாச்சியிடம் போய், படம் கற்பனைதான் என்று பத்திரிகைக்கு ஒரு குறிப்புக் கொடுக்கச் சொன்னேன்.

"ரெண்டாவது அச்சு ஓடுது. இப்பப் போயி?"

"ஒரு மனுசரோட அம்மா பேரு கெடுது."

"நாம எங்கவே பேரு போட்டோம்?" நிஜமாகவே புண்பட்டுப் போனார். "எடுத்ததே நாமதான?"

நானே எழுதிக் கொண்டுபோய்ப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்தேன். உதவி ஆசிரியர் வாசித்துவிட்டு, எனக்கும் பதிப்பாளருக்கும் ஏதாவது தகராறா என்று கேட்டார்.

ஜூலை 12

அந்தக் குறிப்பு வரவில்லை.

காய்ச்சல். கஞ்சி வைத்தேன். அடிப்பிடித்தது.

ஜூலை 15

மகரபூஷணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அவன் எழுதியதில் ஒரு வரியாவது நடந்ததா என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை. அவனும் ஏதாவது ஒரு மாடத்து விளக்கைத் தெருவில் நின்று பார்த்திருப்பான். கை தானாகப் போயிருக்கும்.

ஜூலை 29

கண்ணாடிக் கடை திறந்திருக்கிறது. கூட்டம் அதிகம். பெரும்பாலும் முகத்தைப் பார்க்க வருகிறவர்கள். அவர் எல்லோருக்கும் பொறுமையாக அளவெடுக்கிறார்.

ஆகஸ்ட் 5

தெருமுனையில் ஆவுடை நின்றாள்.

"ஞாயித்துக்கிழம ஆடி அமாவாசை. குறுக்குத்துறைக்குப் போவாரு. இந்த வருசம் யாரு பேரச் சொல்லப்போறியன்னு கேட்டேன். வாயத் தெறக்கல."

"நான் என்ன செய்ய?"

"வந்து நில்லுங்க. கடைசியா ஒருதடவ சொல்லுங்க. ஆத்துல நின்னு சொன்னா நம்புவாரோ என்னமோ." பிறகு சொன்னாள்: "கொழும்புல செத்துப்போனவருக்கு எங்கள விட்டா யாருமில்ல."

ஆகஸ்ட் 7

காலையிலேயே கூட்டம். படித்துறை முழுக்க ஈர வேட்டிகள். ஐயர்கள் வரிசையாக உட்கார்ந்து தர்ப்பையை முடிந்துகொண்டிருந்தார்கள். தாமிரபரணியில் தண்ணீர் முழங்கால் வரைதான்.

அவர் முங்கி எழுந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியளா."

அவரைப் படியோரம் நிறுத்திச் சொன்னேன். தண்ணீரில் நின்றேன், கையில் ஆற்றுத் தண்ணீரை அள்ளிக்கொண்டேன். இந்தத் தண்ணீர் சத்தியமாக நான் எந்தப் போட்டோவையும் பார்க்கவில்லை என்றேன். அது நீங்கள். அது உங்கள் முகம் மட்டும்தான்.

அவர் என் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்துவிட்டார். தண்ணீர் கொட்டிப்போயிற்று.

"எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க தம்பி. சின்ன வயசு. நல்லா இருக்கணும்."

போய் ஐயர் முன்னால் உட்கார்ந்தார். பச்சரிசி, வாழைக்காய், எள். ஆவுடை இரண்டு படி மேலே ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றாள். பிழிந்ததையே பிழிந்தாள்.

ஐயர் அவசரத்தில் இருந்தார். பின்னால் வரிசை காத்திருந்தது.

"தகப்பனார் பேரு சொல்லுங்கோ."

"மகரபூஷணம்."

ஐயர் நிமிர்ந்து ஒரு கணம் பார்த்தார். கையில் எள்ளை வைத்தார். நீர் இறங்கியது. ஆவுடை படியேறிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"தாத்தா பேரு?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். போன வருஷம் வரை அவருக்கு அது தெரிந்திருந்தது. ஐயர் காத்திருந்தார். பின்னால் யாரோ, "சீக்கிரம் அண்ணாச்சி" என்றார்கள்.

கையில் எள்ளும் தண்ணீருமாக அவர் என் பக்கம் திரும்பினார். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

"தம்பி," என்றார். "அவுக அப்பா பேரு ஏதும் ஒங்களுக்குத் தெரியுமா? நீங்க எல்லாத்தையும் படிச்சவிய."

யாருக்கும் தெரியாது. எங்கும் அச்சாகவில்லை. அவர் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவும் போய்விடும் போலிருந்தது.

"வேங்கடத்தான்" என்றேன்.

ஐயர் திருப்பிச் சொன்னார். அவரும் சொன்னார், பிழையில்லாமல் வரவேண்டும் என்று மெதுவாக. எள் ஆற்றோடு போயிற்று.

"அவருக்கு அப்பா?" என்று கேட்டார் ஐயர்.

அவர் மறுபடி என்னைப் பார்த்தார்.